டாக்டரின் செவ்வாய்க்கிழமை

இந்தச் செவ்வாயும் ஒரு நாற்காலி மிஞ்சிவிட்டது.

டாக்டர் தலைகளை எண்ணினார். ஐந்து. மூன்றுக்குக் கீழே போனால் மாடிக் கூடத்தைப் பல் பிரிவுக்குக் கொடுத்துவிடுவதாக மருத்துவமனை நிர்வாகி எழுத்திலேயே கொடுத்திருந்தார். குடியை விடுபவர்களுக்கான வாராந்தரக் கூட்டம் அத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"போன வாரம் வந்த தையல்காரர் எங்கே?"

"அவருக்கு வேலை டாக்டர்," என்றார் லாரி டிரைவர், கூரையைப் பார்த்தபடி.

டாக்டர் பெருமூச்சு விட்டுப் பிளாஸ்டிக் மூளையைத் திறந்தார். அதைத் திறந்தால் போதும், எல்லாம் மிதக்கத் தொடங்கிவிடும். சாயங்கால வெயில் திரைச்சீலை வழியே தேனாக வழிந்தது. மின்விசிறி தூக்கத்தில் நடப்பவரைப் போலச் சுற்றியது. அவர் குரலே அவருக்கு எங்கோ மேகத்துக்குள்ளிருந்து கேட்டது.

"இந்தச் சிவப்புப் பொட்டுதான் பரிசு மையம். கிளாஸ் கைக்கு வந்தப்புறம் இல்ல, வரப்போகுதுன்னு நினைச்சாலே இங்க டோபமைன்னு ஒரு குஷி ரசாயனம் ஊற ஆரம்பிச்சிடும். போகப் போக பழைய அளவு பத்தாது. இன்னும் கொண்டான்னு கேக்கும்."

ஐந்து தலைகளும் மெல்ல ஆடின. அன்று வீடு திரும்பும்போது டாக்டரின் செருப்பு தரைக்கு இரண்டு அங்குலம் மேலேயே நடந்தது.

"என்னங்க, திங்கட்கிழமையே கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாக்குறீங்க," என்றாள் மனைவி. "நேத்து குக்கர்கிட்ட டோபமைன் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்க. அதுவே விசில் அடிச்சு நிறுத்தச் சொல்லிச்சு."

"ஆள் குறையுது. அதான் கவலை."

"குணமாகியிருப்பாங்க."

"குணமாயிட்டேன்னு சொல்றதுதான் நோயே. உனக்கு அதெல்லாம் புரியாது."

ஒரு மணி நேரப் பேச்சை இரண்டு மணி நேரமாக்கினார். அடுத்த வாரம் நான்கு பேர். வெள்ளிக்கிழமையும் கூட்டம் என்று அறிவித்தார். வெள்ளிக்கிழமை யாருமே வரவில்லை. செவ்வாய்க்கு மூன்று பேர்.

கடைசியில் மூளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தையல் கடைக்கே போய்விட்டார். தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், ஒரே குத்தில்.

"கை நடுங்கவே இல்லையே?"

"இல்லீங்க டாக்டர்."

"அதுதான் ஆபத்து," என்று மூளையைத் திறந்து மேஜைமேல் வைத்தார். பாதி தைத்த சட்டையைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் அதைப் பார்த்தார். ஒரு கை மட்டும் தைத்த அந்தச் சட்டையோடு அப்படியே தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

தையல்காரர் கோபப்படவில்லை. டாக்டரின் தோளைத் தட்டி, "கொஞ்ச நாளைக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். தண்ணி நிறைய குடிங்க," என்றார்.

செய்தி பரவியது. மூளை தன் வேலையிடத்துக்கும் வந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ, கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பெயின்டர் தொலைபேசியை எடுப்பதையே நிறுத்தினார். அந்தச் செவ்வாய் இரண்டு பேர். மறுநாளே நிர்வாகியின் கடிதம் வந்தது: இன்னும் ஒரு கூட்டம், அதோடு சாவியை ஒப்படைக்கவும்.

கடைசிக் கூட்டத்துக்கு டிரைவர் மட்டும் வந்தார். டாக்டர் சிவப்புப் பொட்டைத் தொடுவதற்குள் டிரைவர் எழுந்துவிட்டார்.

"இன்னிக்கு அரை மணி நேரம்தான் டாக்டர்."

"ஒரே ஒரு பாயின்ட் இருக்கு. கேட்டுட்டுப் போயிடுங்க. ஒண்ணே ஒண்ணு."

டிரைவர் வாசலில் ஒரு நொடி தயங்கினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு படியிறங்கினார்.

வெயில் மட்டும் வந்து காலி நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தது. டாக்டர் அதைப் பார்த்தே கொஞ்ச நேரம் பேசினார். வெயில் தலையாட்டவில்லை. அவர் விரல்கள் லேசாக நடுங்கின.

நாற்காலி மடக்குகிற அம்மா விளக்குமாற்றோடு உள்ளே வந்தாள்.

"நான் என்னம்மா தப்பு பண்ணினேன்? ஏன் இப்படி ஒவ்வொருத்தரா விட்டுட்டுப் போனாங்க?"

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"அவங்க குடியை விட்டே மூணு வருஷம் ஆச்சு சார், உங்களுக்குப் பட்டுனு நிறுத்தினா உடம்பு தாங்காதுன்னு பேசி வெச்சுத்தான் வாரத்துக்கு ஒருத்தரா குறைச்சுக்கிட்டு வர்றாங்க, அடுத்த வாரம் மாடிப்படியில நான் பத்து நிமிஷம் உக்காந்து தலையாட்டினா போதுமாம்."