கூழுக்கு வந்த மல்லிகை வாசனை

கடைக்காரரிடம் வாய் திறந்து பேச எனக்கு வராது. ஐம்பத்திரண்டு வயதில் இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. (வெட்கமெல்லாம் கடைக்காரர் எதிரில் நிற்கும்போதுதான்.) துவரம்பருப்பு கேட்டு அவர் கடலைப்பருப்பை அளந்து கொட்டினாலும், நான் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் சாம்பார் கிடையாது. என் மனைவி வசந்தா இதற்கெல்லாம் பழகிவிட்டாள். ஆனால் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியால் ஒரு தெருவே பட்டினியாக வீடு திரும்பியது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் திருவொற்றியூரில் மீன்பாடி வண்டி ஓட்டுகிறேன். மூன்று சக்கரம், முன்னால் சரக்குப் பலகை, பின்னால் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜின். அது போடும் சத்தத்தில் ஓட்டுகிறவன் பேச வேண்டிய அவசியமே இருக்காது. எனக்கு ஏற்ற தொழில்.

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்ப்போம். வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு மாவு கொடுக்க வேண்டும். எல்லார் மாவையும் ஒன்றாகக் கலந்து, சனிக்கிழமை மூன்று அண்டாக்களில் கிண்டி ஆறவைத்து, ஞாயிறு மதியம் மோர் ஊற்றிக் கரைத்து, வந்தவர்களுக்கெல்லாம் வார்ப்பது வழக்கம். மாவு வந்து சேர பத்து நாள் ஆகும். அதுவரை அதை யாராவது ஒருவர் வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நான் சொல்லும் சம்பவத்துக்கு முந்தைய வருடம் ஆளாளுக்கு பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுவந்து குவித்ததில், பாதி கவர் கிழிந்து, மீதி வியர்த்து, மாவில் புழு நெளிந்தது.

அதனால் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற சேகர் அண்ணன் இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "கவரே வேணாம். அவுங்கவுங்க துணிப்பையிலயோ டப்பாலயோ எடுத்தாங்க. ஒரே பெரிய டிரம்மா பாத்து அல்லாத்தையும் கொட்டி மூடிடலாம். தேவராஜு வூடு மாடில கீது, எலியும் வராது, தண்ணியும் வராது. அவனே வெச்சிக்கட்டும்."

என்னை நம்பி இந்தத் தெரு கொடுத்த முதல் பொறுப்பு அது. கல்யாணமானபோதுகூட என் சட்டை பட்டன் இப்படித் தெறிக்கப் பார்த்ததில்லை.

டிரம் வாங்க மணலி சாலையில் இருக்கும் காயலாங்கடைக்குப் போனேன். எங்கள் பக்கம் சுற்றிலும் கம்பெனிகள். அங்கே காலியாகும் நீல பிளாஸ்டிக் டிரம்கள் காயலாங்கடைக்கு வரும், அங்கிருந்து எங்கள் வீடுகளுக்குத் தண்ணீர் பிடிக்க வரும். கடைக்காரர் குமார் ஐந்து டிரம்களைக் காட்டிவிட்டு போனில் பேசப் போய்விட்டார். நான் ஒவ்வொன்றிலும் தலையை விட்டு மோந்து பார்த்தேன். ஒன்றில் மண்ணெண்ணெய் நாற்றம். ஒன்றில் கண் எரிந்தது. ஒன்றில் பெயிண்ட். நாலாவதில் என்னவென்று தெரியவில்லை, ஆனால் தலை சுற்றியது. ஐந்தாவதில் மல்லிகைப்பூ மணந்தது.

மற்ற எவனாக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. குமார் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், குறுக்கே பேசக் கூச்சம். தவிர, நாறுகிற டிரம்தான் கெட்ட டிரம், மணக்கிற டிரம் நல்ல டிரம் என்று என் புத்தி தீர்ப்பு சொல்லிவிட்டது. அம்மன் காரியத்துக்கு மல்லிகை மணக்கும் டிரம். இதைவிடப் பொருத்தம் உண்டா?

வீட்டில் வசந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு டிரம்மைச் சுற்றி வந்தாள்.

"இதுல முன்ன இன்னா இருந்துச்சாம்? கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன். (பொய்.)

"இன்னா சொன்னான்?"

"நல்லதுதான்னான்." (அதைவிடப் பெரிய பொய்.)

புளி கரைத்து ஊற்றிக் கழுவினேன். சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவக் கழுவ வாசனை கூடியது. தரமான டிரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பத்து நாளும் எங்கள் மாடிப்படி திருவிழா போல இருந்தது. எவர்சில்வர் தூக்கில் மாவு வந்தது. பெயிண்ட் வாளியில் வந்தது. மணமக்கள் பெயர் போட்ட தாம்பூலப் பையில், துணிக்கடைக் கட்டைப்பையில், பழைய தலையணை உறையில்கூட வந்தது. கொட்டிக்கொண்டு காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது என் வேலை. "அண்ணே, இது என் மூடி இல்ல" என்று ஒருத்தி வருவாள், "என் மூடி எங்க?" என்று இன்னொருத்தி வருவாள், நான் பதில் சொல்லத் தெரியாமல் எங்கள் வீட்டு மூடியைக் கொடுத்து அனுப்புவேன். கடைசியில் வசந்தாவின் எந்தப் பாத்திரத்துக்கும் மூடி இல்லை.

வந்தவர்கள் எல்லாருமே மூக்கை உறிஞ்சினார்கள். "இன்னா வசந்தா, வூடு இப்டி கமகமன்னு கீது? பூ கட்டுற வேல எடுத்துக்கினியா?" என்று கேட்டார்கள். நான் பெருமையாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சனிக்கிழமை டிரம்மை வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். மத்தியானம் அண்டாவில் மாவு கொதிக்க ஆரம்பித்தது. ஆவி எழுந்தது. ஆவியோடு அந்த வாசனையும் எழுந்து, தெருமுனை டீக்கடைவரைக்கும் போனது. கோயில் முழுக்கப் பூச்சரம் தொங்கியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஆத்தா வந்துகினு கீறா. பூ வாசன வருது பாரு."

"எந்த வருசமும் இப்டி வந்ததில்ல. ஊரே நல்லா இருக்கும்."

எனக்கு மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை வரவில்லை. அந்த வாசனையை எனக்குத் தெரியும். பத்து நாளாக அதோடுதான் குடியிருக்கிறேன். சேகர் அண்ணனிடம் சொல்ல மூன்று தடவை பக்கத்தில் போனேன். முதல் தடவை, "இன்னாடா?" என்றார். "ஒண்ணுமில்லண்ணே" என்றேன். இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை அவர் என் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துக் கிண்டச் சொல்லிவிட்டார். கிண்டினேன். என் பாவத்தை நானே கிண்டினேன்.

ஞாயிறு காலை மனசு தாங்காமல் காயலாங்கடைக்கு வண்டியை விரட்டினேன். கடை பூட்டியிருந்தது. குமார் வர பதினோரு மணி ஆயிற்று. பத்து நாள் தாமதமாக அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அந்த டிரம்மா? சோப்பு கம்பெனி சென்ட்டு வந்த டிரம்மு நைனா" என்றார் குமார். "ஏன், தண்ணில வாசன வருதா?"

"தண்ணி இல்ல. மாவு."

"எந்த மாவு?"

"கூழு மாவு. சாப்புடலாமா?"

குமார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சென்ட்ட யாருனா சாப்புடுவாங்களா மாமு? கேட்டுட்டு வாங்கினு போயிருந்தா இந்த பேஜாரு இல்லல்ல."

திரும்பி வருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. கோயில் வாசலில் இருந்து தெருமுனை வரை வரிசை. ஆளுக்கொரு பாத்திரம். தூக்கு, குண்டான், குடம், குளிக்கிற சொம்பு. முன்வரிசையில் எங்கள் கீழ்வீட்டு நிறைமாதப் பெண், கையில் சின்ன எவர்சில்வர் தூக்கு. அம்மன் எதிரில் பூங்காவனம் அக்காவுக்குச் சாமி வந்திருந்தது. காலையில் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். சாமி வந்துவிட்டால் எங்கள் தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"வாசம் வருதாடா? நான் வந்துட்டேன்டா. ஊத்துங்கடா என் புள்ளைங்களுக்கு" என்றார்.

குலவை எழுந்தது. சேகர் அண்ணன் அண்டாவில் சொம்பை முக்கினார்.

நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். வண்டியைக் கொண்டுபோய் அண்டாவுக்கும் வரிசைக்கும் நடுவில் விட்டு, இன்ஜினை நிறுத்தினேன். அவ்வளவு சத்தம் திடீரென்று நின்றதும், தெரு மொத்தமும் என்னைப் பார்த்தது. என் வாழ்க்கையில் அத்தனை கண்கள் என் மேல் விழுந்ததில்லை.

"யோவ் தேவராஜு, இன்னாயா பண்ற? வண்டிய எடு" என்றார் சேகர் அண்ணன்.

"ஊத்தாதண்ணே."

"இன்னாது?"

"இது ஆத்தா வாசன இல்ல. டிரம்மு வாசன. சோப்பு கம்பெனி டிரம்மு."

பூங்காவனம் அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். கலைந்த முடி, கையில் வேப்பிலை.

"இன்னாடா சொன்ன? நான் வரலன்றியா?"

கை கூப்பினேன். "நீ வந்தது நெசந்தான் ஆத்தா. ஆனா இந்த வாசன நீ வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே என் வூட்டுக்கு வந்துடுச்சு."

வரிசையில் இருந்து வசந்தாவின் குரல் கேட்டது. "கேட்டேன்னு சொன்னியேய்யா."

"யாராண்டடா கேட்ட?" என்றாள் ஆத்தா.

"யாராண்டயும் கேக்கல ஆத்தா."

"ஏன் கேக்கல?"

"வெக்கமா இருந்துச்சு."

ஆத்தா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியே பூங்காவனம் அக்கா கீழே சாய்ந்தார், சாமி மலையேறிவிட்டது. தண்ணீர் குடித்துக் கண் விழித்து, "இன்னாடி ஆச்சு, ஏன் இன்னும் கூழ் ஊத்தல?" என்று கேட்டார். எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள்.

மூன்று அண்டாக் கூழையும் கோயிலுக்குப் பின்னால் பள்ளம் வெட்டி ஊற்றினோம். ஒரு மாடு வந்து மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. நான் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் காலிப் பாத்திரங்கள் வீட்டுக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. நிறைந்த தூக்கு சத்தம் போடாது. காலித் தூக்கு ஒவ்வொரு அடிக்கும் கிணுங்கும். அறுபது வீட்டுத் தூக்கும் கிணுங்கிக்கொண்டே போயின, பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தம் கேட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒருவர் மட்டும் கூழ் குடித்திருந்தார். சேகர் அண்ணன், காலையில் உப்புப் பார்க்க ஒரு கரண்டி. அவருக்கு வயிறு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இரண்டு நாள் அவர் விட்ட ஏப்பமெல்லாம் மல்லிகை. எந்தப் பூக்காரி வீட்டுக்குப் போய் வந்தாய் என்று அண்ணி கேட்டதாகத் தெரு முழுக்கப் பேச்சு.

அடுத்த ஞாயிறு மறுபடி மாவு சேர்த்துக் கூழ் வார்த்தோம். மாவு சேகர் அண்ணன் வீட்டில் இருந்தது. என் வீட்டுப் படியில் யாரும் ஏறவில்லை. நீல டிரம் மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. வசந்தா அதில் என் சட்டை வேட்டிகளைப் போட்டு மூடி வைத்துவிட்டாள். "இனிமே ஊருக்கே தெரியட்டும்" என்றாள். நான் டீக்கடைக்கு வருவதை இப்போதெல்லாம் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுகிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஆடி மாதம்தான். ஒவ்வொரு வருடமும் பூங்காவனம் அக்காவுக்குச் சாமி வந்ததும், மழை வருமா, வலையில் மீன் விழுமா என்று மற்றவர்கள் கேட்கக் காத்திருப்பார்கள். ஆத்தா அதற்கெல்லாம் பிறகுதான் பதில் சொல்வாள். முதலில் கூட்டத்தைச் சுற்றிப் பார்ப்பாள். நான் எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நாலு பேர் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளுவார்கள். வசந்தாவும் அந்த நாலு பேரில் ஒருத்தி.

"தேவராஜு, இந்த வருசம் எதுலடா வெச்சீங்க?" என்பாள் ஆத்தா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசி வரிசைவரைக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் மறுபடி கேட்பாள்.

"எவர்சில்வர், ஆத்தா."

"முன்ன அதுல இன்னா இருந்துச்சு?"

"அரிசி, ஆத்தா."

"கேட்டியா?"

"கேட்டேன், ஆத்தா."

தெருவே சிரிக்கும். அதற்கப்புறம்தான் முதல் தூக்கில் கூழ் விழும்.