வாயால் கமெண்ட் போடும் அக்கா

உலகத்தில் எல்லோரும் கமெண்டை விரலால் போடுகிறார்கள். வாயால் போடுகிற ஒரே ஆள் எங்கள் மரக்காணம் கமெண்ட் அக்காதான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன், கூட்டம் மட்டும் இருக்கக் கூடாது. கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது.

அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். யாரும் கேட்டதில்லை. உப்பளத்தில் என்னோடு வேலை செய்கிறவர். விடியற்காலையில் உப்பு சுமப்பார், வெயில் ஏறியதும் வீடு திரும்புவார், முகம் கழுவுவதற்கு முன் போனைத் திறப்பார். தெருவில் எந்தப் பிள்ளை எந்தப் படத்தைப் போட்டாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் டைப் பண்ண வராது. அதனால் நேராக அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்று தன் கருத்தை அறிவித்துவிட்டு வருவார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். உப்பளத்தில் மரமும் கிடையாது, சுவரும் கிடையாது. இந்தக் கோடியில் அக்கா தும்மினால் ஈ.சி.ஆர். ரோட்டில் போகிற சென்னை பஸ்ஸில் டிரைவர் பிரேக் போடுவார்.

எல்லாம் பள்ளிக்கூடத்தில் வைத்த ஒரு மீட்டிங்கில் தொடங்கியது. பிள்ளைகள் போனில் எப்படிப் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒரு மேடம் வந்து பேசினார். அக்கா தன் தங்கச்சி பிள்ளைக்காகப் போயிருந்தார். நாங்கள் எல்லாம் டீயும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம். அக்கா உத்தியோகம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டது. எங்கள் பசங்களுக்கு உப்புக் குவியலைப் பார்த்தால் காஷ்மீர் ஞாபகம் வரும். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, உப்பில் சறுக்கி, பனியில் சறுக்குவதாக ரீல்ஸ் எடுப்பார்கள். அப்படி ஒருவன் எடுத்துப் போட்டான். அக்கா அவன் வாசலில் போய் நின்றார்.

"டேய், காஷ்மீர் நல்லாத்தான் இருக்குது. பின்னாடி உப்பளம் பேரு போட்ட போர்டு தெரியுது, ஸ்வெட்டருக்குள்ள பனியன்ல ஸ்கூல் பேரு தெரியுது. இன்னும் வீட்டு நம்பர் ஒண்ணுதான் பாக்கி. அதையும் நெத்தியில எழுதிக்கினு ஆடு."

அவன் அம்மா, "ஏம்மா, இதை போன்லயே சொல்லக் கூடாதா?" என்றாள்.

"போன்ல சொன்னா அழிச்சிடுவான். வாயால சொன்னா எப்படி அழிப்பான்?"

இன்னொரு குடும்பம், "எல்லோரும் திருப்பதி போகிறோம், வர மூன்று நாளாகும்" என்று ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுப் போனது. திரும்பி வந்து பார்த்தால் பூட்டிய வீட்டுப் படியில் சாப்பாட்டுத் தூக்கோடு அக்கா உட்கார்ந்திருக்கிறார். "வூடு காலின்னு ஊருக்கே தண்டோரா போட்டுட்டுப் போயிட்டீங்க. யாராவது ஒருத்தர் உக்கார வேணாமா?" என்று கேட்டு, லட்டை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

என் கதைக்கு வருகிறேன். நான் கொஞ்ச காலம் ஆரோவில்லில் தோட்ட வேலை பார்த்தவன். அதனால் ஒரு வெள்ளைக்கார அம்மா போனில் நட்பு கேட்டபோது, அங்கே பார்த்த அம்மாவாக இருக்கும், வேண்டாம் என்றால் மரியாதையில்லை என்று ஏற்றுக்கொண்டேன். அந்த அம்மா எனக்குப் பரிசுப் பார்சல் அனுப்புவதாக எழுதினார். நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் ஆறு பாத்தி தாண்டி நின்றுகொண்டு அக்கா குரல் கொடுத்தார்.

"ஏம்பா ஏழுமலை, உன் பிரண்டு லிஸ்ட்ல இருக்கிற வெள்ளைக்காரி எனக்கும் பார்சல் அனுப்புறாளாம், மொதல்ல பணம் கட்டணுமாம். ரெண்டு பேருக்கும் ஒரே பார்சலா, தனித்தனியா?"

உப்பு வாரிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பலகையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். என் மனைவியும் அதே உப்பளத்தில்தான் வேலை செய்கிறாள். ஒரு வாரம் எனக்குக் குழம்பில் உப்பு விழவில்லை. இந்த அக்கா வேறு ஊருக்குக் குடிபோகட்டும், இல்லையென்றால் அந்த போன் உப்புத் தண்ணீரில் விழட்டும் என்று கும்பிடாத சாமியில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் இலக்கியா சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிறவள். போனைக் கவிழ்த்து வைப்பாள். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்பாள். பரீட்சையில் மார்க் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். மனைவி, "நீ கேளேன்" என்றாள். "நீ கேளு" என்றேன். இப்படியே நாள் போனது.

ஒரு நாள் காலை அக்கா என்னைப் பாத்தி நடுவே கூட்டிக்கொண்டு போனார். நாலு பக்கமும் பார்த்தார். பிறகு வாயை அசைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அசைத்தார். காற்றுதான் வந்தது.

"அக்கா, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றேன். என் வாயால் அவரிடம் அப்படிக் கேட்பேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"சத்தமா சொல்ற விஷயமாடா இது? மொதல்ல சத்தியம் பண்ணு. பொண்ணை அடிக்க மாட்டேன், போனைப் புடுங்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்னு சொல்லு."

சத்தியம் செய்தேன். அக்கா என் காதோடு சொன்னார். பாண்டிச்சேரியில் படிக்கிற பெண் என்று சொல்லி எவனோ இலக்கியாவோடு பழகியிருக்கிறான். அவள் முகத்தை வெட்டி ஒட்டி ஒரு கெட்ட படம் செய்து, "நான் சொல்றதைக் கேளு, இல்லன்னா உங்க அப்பாவுக்கும் ஸ்கூலுக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டுகிறான். பயத்தில் அவள் அக்காவிடம் போயிருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லலையே" என்றேன்.

"உன்கிட்ட சொன்னா நீ செத்துடுவன்னு பயப்படுது. எதையும் அழிக்காதன்னு சொல்லியிருக்கேன். அதான் சாட்சி. அவன் எது கேட்டாலும் குடுக்காத, பதிலும் போடாதன்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு விழுப்புரம் போலீஸ்ல போய் சொல்லிடுவோம். நீ இப்ப வூட்டுக்குப் போய் ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் மேல தப்பில்லன்னு சொல்லு."

வீட்டுக்குப் போனேன். "உன் மேல தப்பில்லம்மா" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். இலக்கியா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அழுதாள். அன்றைக்குச் சாப்பிட்டாள்.

மறுநாள் நான், இலக்கியா, அக்கா மூன்று பேரும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம். பாதி பஸ் எங்கள் ஊர்க்காரர்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.

"இன்னா, எல்லாரும் கிளம்பிட்டீங்க? பொண்ணு முகம் ஏன் இப்படி இருக்குது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள். இந்த அக்கா வாயைத் திறந்தால் பஸ் முழுக்க விஷயம் தெரிந்துவிடுமே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எனக்கு மூலம்" என்றார் அக்கா, டிரைவருக்கும் கேட்கிற மாதிரி. "ரத்தமா போவுது. பெரியாஸ்பத்திரிக்குத் துணைக்கு வர்றாங்க. என்னைப் பார்த்துப் பார்த்து இந்தப் பொண்ணு அழுவுது."

அவ்வளவுதான். எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திண்டிவனம் வரைக்கும் பஸ் முழுக்க வைத்தியம். ஒருவர் கருணைக்கிழங்கு என்றார், ஒருவர் துத்தி இலை என்றார். கண்டக்டர் தன் மாமனாருக்கு வந்த மூலத்தை விரிவாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, சீட் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

போலீஸில் ஒரு பெண் அதிகாரி இலக்கியாவைத் தனியாக உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். எதையும் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று என்றார். கொஞ்ச நாளில் அந்த ஐடியும் படமும் காணாமல் போயின. ஆளையும் பிடித்துவிட்டதாகப் பிறகு தகவல் வந்தது. இலக்கியா பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

அக்காவின் மூலம் மட்டும் தீரவில்லை. தெருவே அவருக்குக் கருணைக்கிழங்கு சமைத்துக் கொடுத்து அனுப்பியது. தொண்டை அரிக்க அரிக்கச் சாப்பிட்டார். கல்யாண வீட்டில் நாற்காலி போட்டால், "முடியாதும்மா" என்று சுவரோடு சாய்ந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, சரியாயிடுச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னா எந்த டாக்டரு, எந்த ரூமுன்னு ஒவ்வொருத்தியும் தோண்டுவா. தோண்டினா எங்க போய் நிக்கும்? பொண்ணு ஸ்கூல் முடிக்கட்டும்பா. அப்புறம் எனக்குச் சரியாயிடும்."

இலக்கியா இப்போது பிளஸ் டூ. உப்பளத்து டீக்கடையில் பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் அக்கா நின்றுகொண்டுதான் டீ குடிக்கிறார். நானும் என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய், அவர் பக்கத்தில் நின்றபடியே குடிக்கிறேன்.