அடுத்த விளக்குக் கம்பம் வரை

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

அதுவரை சொன்னதெல்லாம் பொழுதுபோக்கு. முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டியவன் நான். தரைத்தளத்தில் ஏறுகிறவர் ஒன்பதாம் மாடியில் இறங்குவதற்குள் ஒரு கதையை முடித்தாக வேண்டும். நிஜத்தை வைத்துக்கொண்டு ஒன்பது மாடி ஏற முடியாது, மூன்றாவதிலேயே தீர்ந்துவிடும். அதனால் ஒரு நாள் என் லிஃப்ட் மொட்டை மாடியையும் தாண்டி மேலே போனதையும், ஒரு கழுகு உள்ளே எட்டிப் பார்த்து, "கீழே போகுதா?" என்று கேட்டதையும் சொல்வேன். சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். யாருக்கும் சேதமில்லை.

இந்தப் பொய் அந்த ரகமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எலும்பு டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். என் மனைவியின் இடுப்பு எலும்பு பொடிப்பொடியாக இருக்கிறதாம். ஆபரேஷனில் திருகாணி பிடிக்கவில்லையாம். மறுபடி திறந்தால் இதயம் தாங்காதாம்.

"இனிமே அவங்க நடக்க மாட்டாங்க பெரியவரே. சக்கர நாற்காலிதான். நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

என் மனைவி நாய் பழக்குகிறவள். இருபத்தாறு வருஷமாக அதுதான் தொழில். ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் நடப்பாள். அவளிடம் போய் இனி நடக்க மாட்டாய் என்று சொல்வது, என்னிடம் வந்து இனி நீ பேச மாட்டாய் என்று சொல்வதற்குச் சமம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அவள் விழுந்த அன்று காலை மழை. "சின்ன நாயை மட்டும் நீங்க கூட்டிட்டுப் போங்களேன், ரெண்டையும் ஒண்ணா பிடிக்க முடியாது" என்றாள். எனக்கு முட்டி வலி என்றேன். முட்டி நன்றாகத்தான் இருந்தது. நாற்காலியும் பேப்பரும் அதைவிட நன்றாக இருந்தன. அவள் இரண்டையும் பிடித்துக்கொண்டு போனாள். இரண்டு கயிறும் காலில் சுற்றி, நடைபாதை விளிம்பில் விழுந்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. பேப்பரில் அப்போது எத்தனையாவது பக்கத்தில் இருந்தேன் என்பது இன்றுவரை ஞாபகம் இருக்கிறது.

எனவே பொய்தான். கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஆறு வாரம்."

"ஆறு வாரத்துல?"

"ஓடலாமாம்."

"நடக்கறது?"

"அதெல்லாம் அஞ்சாவது வாரத்துலயே முடிஞ்சிடும்."

போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "நல்லது. அதுவரைக்கும் நாய்ங்களை யாரு பாத்துக்கறது?" என்றாள்.

"ஆள் வெச்சுக்கலாம்."

"ஆறு வாரத்துக்கு ஆளா? நீங்க இருக்கீங்களே?"

"எனக்கு முட்டி..."

என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலேயே என் முட்டி பூரண குணம். அந்த ஆஸ்பத்திரியில் அன்று நடந்த ஒரே வெற்றிகரமான சிகிச்சை அதுதான்.

நாய்கள் இரண்டு. பெரியதற்கு நீதிபதி என்று பெயர். தெருக்கோடியில் இருக்கும் பல் டாக்டருடையது. ஒரு மோட்டார் சைக்கிள் இடித்ததிலிருந்து சக்கரம் என்றாலே அதற்கு நடுக்கம். லேசில் வாசலைத் தாண்டாது. வாசலில் உட்கார்ந்துகொண்டு போகிற வருகிறவர்களை எல்லாம் ஆயுள் தண்டனை கொடுக்கப் போகிற மாதிரி பார்க்கும். அதன் பயத்தைத் தெளியவைக்கத்தான் பல் டாக்டர் எங்கள் வீட்டில் விட்டிருந்தார். சின்னது எங்களுடையது, பெயர் அவசரம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் நிற்கும்.

ஒரு கையில் புறப்படவே மாட்டேன் என்கிற நாய். மறு கையில் போய்ச் சேர்ந்தேவிட்டேன் என்கிற நாய். நடுவில் நான். அந்த வாரங்களில் என் கைகள் இரண்டும் முழங்காலுக்குக் கீழே நீண்டுவிட்டன. நம்பாதவர்கள் வந்து என் சட்டையைப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். கழுத்தில் விசில். தெரு முழுக்க அவள் கண்ணுக்குள்.

"இழுக்காதீங்க!"

"இழுக்காம எப்படி? பல் டாக்டர் வீடு வரைக்கும் இருபத்திரெண்டு விளக்குக் கம்பம் இருக்கு."

"அதை ஏன் அதுகிட்ட சொல்றீங்க? பயந்த நாய்கிட்ட எங்க போறோம்னு சொல்லவே கூடாது. அடுத்த கம்பத்தை மட்டும் காட்டணும். அங்க போனதும் ஒரு பிஸ்கட், ஒரு நல்ல வார்த்தை. திரும்பிடணும். அது தைரியமா நின்னாத்தான் அதுக்கு அடுத்தது."

"இப்படிப் போனா மாசக்கணக்கா ஆகுமே?"

"ஆகட்டும். எனக்குத்தான் ஆறு வாரம் இருக்கே."

நான் பிஸ்கட்டை எண்ணுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குள்ளும் வேலை. இரண்டு மணிக்கொரு தரம் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். உடம்பு துடைக்க வேண்டும். அடுப்பு என்பது எந்தப் பக்கம் எரியும் என்றே தெரியாதவன் நான். முதல் நாள் தண்ணீர் கொதிக்க வைத்தேன். "பிரமாதம்!" என்றாள். மறுநாள் அதில் ஒரு முட்டையைப் போட்டேன். அதற்கும் பிரமாதம். எழுபத்தொரு வயதில் ஒரு மனுஷனைத் தண்ணீர் கொதித்ததற்காகப் பாராட்டினால் அவன் எதற்குத்தான் துணிய மாட்டான்? நாலாவது வாரம் மூன்று வேளையும் நானே சமைத்தேன்.

போர்வைக்குக் கீழே அவள் கால்கள் இளைத்துக்கொண்டே வந்தன. நான் தேறுகிறது என்றேன்.

"இன்னிக்குக் கட்டைவிரல் அசைஞ்சுது" என்பேன்.

"பாத்தீங்களா?"

"இந்தக் கண்ணால பாத்தேன்."

அசைத்தது அவசரம். போர்வையின் மறுமுனை அதன் வாயில் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு புது உத்தரவு. சாமான் அறையில் கிடந்த பழைய தள்ளுவண்டியை எடுக்கச் சொன்னாள்.

"நீதிபதிக்குச் சக்கர பயம் போகணும். வண்டியைத் தள்ளிட்டே கூட நடங்க. காலியா தள்ளினா கடகடன்னு சத்தம் வரும், மிரளும். ஒரு மூட்டை தீனியை மேல வைங்க."

ஒரு மூட்டை பத்துக் கிலோ. வைத்தேன், தள்ளினேன். அடுத்த வாரம் இரண்டு மூட்டை. அப்புறம் மூன்று. நீதிபதி வண்டியை விட்டு மூன்று அடி தள்ளி, வாதி பிரதிவாதி இருவரையும் நம்பாத முகத்தோடு நடந்தது. ஜன்னலிலிருந்து விசில் பறந்தது.

"விளிம்புல அப்படி இறக்காதீங்க! திரும்பி நின்னு, பின்சக்கரத்தை முதல்ல இறக்குங்க. குலுக்காம!"

"மூட்டைதானே! குலுக்கினா அதுக்கு வலிக்கவா போகுது?"

மறுபடியும் விசில்தான் பறந்தது.

கடைசியில் ஐந்து மூட்டை. அதன்மேல் இரண்டு கிலோ பிஸ்கட் டப்பா ஒன்று.

"இந்த ரெண்டு கிலோ எதுக்கு?"

"அளவு சரியா இருக்கணும்."

தொழில் ரகசியம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மூச்சு வாங்கியது. ஆனாலும் தள்ளினேன்.

இதற்கிடையில் ஆறு வாரம் ஓடிப்போனது.

"இன்னியோட ஆறு வாரம். டாக்டர்கிட்ட போகலாமா?"

"அவர் வெளியூர் போயிருக்காராம்."

அடுத்த வாரம் கேட்டாள். "வந்துட்டாரா?"

"வந்தாரு. வந்த வேகத்துல மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு."

"அடப் பாவமே! அவருக்கு யாரு வைத்தியம்?"

"அவரேதான்."

"எத்தனை வாரமாம்?"

"ஆறு."

"நல்லபடியா ஓடட்டும்" என்றாள்.

இரண்டு பொருள்களை நான் ஒளித்து வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சக்கர நாற்காலி, மாடிப்படிக்குக் கீழே பழைய போர்வைக்குள். எக்ஸ்ரே படம் போட்ட உறை, சமையலறையில் பிஸ்கட் டப்பாவுக்கு அடியில். நாய் வளர்க்கும் வீட்டில் ரகசியத்தைப் பிஸ்கட்டுக்கு அடியில் ஒளித்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். டப்பா வண்டிமேல் ஏறிய அன்றே நீதிபதி அந்த உறையைக் கவ்விக்கொண்டு போய், தீர்ப்பை வாசிக்கிற தோரணையில் அவள் கட்டிலில் வைத்துவிட்டது.

"என்ன இது?"

"எக்ஸ்ரே. நாயோடது. நீதிபதி ஒரு சாவியை முழுங்கிட்டான்."

படத்தை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நாய்க்கு இவ்வளவு பெரிய இடுப்பா?"

"பெரிய ஜாதி."

"வாலைக் காணோமே?"

"படம் எடுக்கும்போது ஆட்டிட்டான். விழலை."

அவள் சிரிக்கவில்லை. அந்தப் படத்தையே வெகு நேரம் பார்த்தாள். ஏதோ ஒரு முகத்தைப் பார்ப்பது போல் இருந்தது. பிறகு உறைக்குள் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"பத்திரமா வைங்க. பல் டாக்டர் கேட்டா குடுக்கணும்ல?"

வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். தொழில் இன்னும் கைவிட்டுப் போகவில்லை என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

எட்டாவது வாரம் நீதிபதி இருபத்திரண்டாவது கம்பத்தைத் தொட்டது. வண்டியை ஒட்டியே, உரசிக்கொண்டே நடந்து, பல் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டமாக வந்து மனைவியிடம் சொன்னேன். நீதிபதி வழியில் நாலு சைக்கிளுக்குப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தியதையும் சேர்த்துத்தான்.

"பிரமாதம். நாளைக்குக் கொண்டு போய் விட்டுடலாம். தலைமாட்டுல இருக்கற தகர டப்பாவைத் திறங்க, கார்டுல எழுதணும்."

ஒவ்வொரு நாய்க்கும் அவளிடம் ஒரு கார்டு உண்டு. என்ன குறை, எதற்கு மசியும், எந்த வாரம் எவ்வளவு தேறியது, இன்னும் எத்தனை நாள் ஆகும், எல்லாம் அதில் இருக்கும். டப்பாவைத் திறந்தேன்.

"நீதிபதி கார்டுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கும் பாருங்க. அதையும் எடுங்க."

எடுத்தேன். அவள் கையெழுத்து.

வயது: எழுபத்தொன்று. சுபாவம்: குரைக்கும், கடிக்காது. குறை: நாற்காலியை விட்டு எழாது, கூப்பிட்டால் முட்டி வலி என்று பாசாங்கு செய்யும். எதற்கு மசியும்: "பிரமாதம்" என்ற ஒரு வார்த்தைக்கு. முதல் வாரம்: தண்ணீர் கொதிக்க வைக்கிறது. நான்காம் வாரம்: சமைக்கிறது, உப்பு மட்டும் கூடுதல். என்னைப் புரட்டும்போது கை நடுங்குவதில்லை. எட்டாம் வாரம்: சுமை ஐம்பத்திரண்டு கிலோ. விளிம்பில் குலுக்காமல் இறக்குகிறது.

ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டில் அவள் எடை அதுதான். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

மேலே தேதியைப் பார்த்தேன். பயிற்சி தொடங்கிய நாள் என்ற இடத்தில் ஆபரேஷன் நடந்த நாள் இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆபரேஷன் மேஜை மேலயே. 'திருகாணி பிடிக்கலை, மூடிடலாம், இனி நாற்காலிதான்'னு டாக்டர் நர்ஸ்கிட்ட சொன்னாரு."

"மயக்க ஊசி போட்டிருந்தாங்களே!"

"இடுப்புக்குக் கீழதான் மரத்துப்போச்சு. காது மேலதானே இருக்கு?"

எட்டு வாரப் பொய் அப்படியே சரிந்து என் காலடியில் விழுந்தது. ஓடலாம் என்றேன். விரல் அசைந்தது என்றேன். டாக்டரின் இடுப்பை வேறு உடைத்தேன். எல்லாவற்றையும் இவள் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்தேன். பக்கத்தில் இன்னொரு கட்டில் போட்டு நானும் படுத்திருப்பேன்.

"அதான்" என்றாள். "எனக்கும் பயம்தான். ரெண்டு பேரும் சேர்ந்து பயந்தா புரட்டிப் போடறது யாரு?"

அவளைப் புரட்டும் நேரம் ஆகியிருந்தது. புரட்டிப் படுக்கவைத்தேன்.

"மாடிப்படிக்குக் கீழ இருக்கற நாற்காலியைக் கொண்டாங்க. எத்தனை நாளைக்கு மூட்டையையே தள்ளுவீங்க?"

"அதுவும் தெரியுமா?"

"அது வந்த அன்னிக்கு ரெண்டு நாயும் அரை மணி நேரம் குரைச்சுது. நீங்க பூனைன்னீங்க."

மறுநாள் காலை அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். மடியில் அவசரம், பக்கத்தில் நீதிபதி. அவள் விழுந்த அதே விளிம்பு வந்தது. திரும்பி நின்று, பின்சக்கரத்தை முதலில் இறக்கினேன். குலுங்கவில்லை. அவள் கை மட்டும் என் கையை ஒரு முறை இறுகப் பிடித்து விட்டது. இருபத்திரண்டு கம்பங்களையும் அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

பல் டாக்டர் வீட்டு வாசலில் கார்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். நீதிபதியின் கார்டில், 'தேறிவிட்டது' என்று எழுதினாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"என் கார்டுலயும் கடைசிக் கட்டம் காலியா இருக்கே. தேறிட்டான்னு எழுதிடேன். இனிமே பொய்யே சொல்றதில்ல, சத்தியமா."

என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். எழுதினாள். மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். 'இன்னும் ஆறு வாரம்.'