பத்தாவது நாற்காலி

"கவலையே படாதேம்மா. பரீட்சைதான் ரத்து, வாழ்க்கை ரத்தாயிடல."

கணக்கு வாத்தியார் சொல்லி முடித்ததும் போனில் ஒரு விசும்பல். மாணவியின் அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"காலையிலேர்ந்து சிரிச்சிக்கிட்டு இருந்தா சார். இப்பதான் அழறா. அப்படி என்ன சொன்னீங்க?"

"தைரியம் சொன்னேன்."

"இனிமே சொல்லாதீங்க."

போன மாதம்தான் அவர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் கடைசியாகப் பாடம் நடத்தியது இந்தப் பத்துப் பேருக்கு. கொரோனாவால் ஒரு வருஷமாகப் பாடமெல்லாம் போனில்தான். இப்போது பொதுத்தேர்வும் ரத்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்துவிட்டார்கள். தான் நடத்தியது பிள்ளைகள் மண்டையில் ஏறியதா இல்லையா என்று இனி எந்த விடைத்தாளும் அவருக்குச் சொல்லப்போவதில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "பாவம், பசங்க உடைஞ்சு போயிருப்பாங்க" என்று மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அடுத்து, பள்ளி அணியின் கோல்கீப்பரைக் கூப்பிட்டார். இம்முறை உஷாராக மாற்றிச் சொன்னார்.

"பரீட்சையெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லடா."

சாயங்காலம் அவன் அப்பா கூப்பிட்டார். "சாரே சொல்லிட்டாருன்னு புத்தகத்தையெல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டான் சார். அவங்கண்ணனோட காலேஜ் புத்தகத்தையும் சேர்த்து!"

வாத்தியார் ராத்திரியும் சரியாகச் சாப்பிடவில்லை.

"நானே பரீட்சை வெச்சுடறேன்" என்றார் மனைவியிடம்.

"எங்க?"

"நம்ம கூடத்துலதான். பசங்க ஏக்கம் தீரணும்ல?"

மனைவி அவர் தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பார்த்தார். "சரி, எல்லாரையும் நான் கூப்பிடறேன். நீங்க போன் பக்கமே போகாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை கூடம் தேர்வறையானது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐவர், தையல் மெஷின் முன்னால் ஒருத்தி, இஸ்திரிப் பலகை முன்னால் இருவர். கோல்கீப்பருக்கு ஃபிரிட்ஜ் எதிரில் ஸ்டூல்.

"ஃபிரிட்ஜைத் தொறந்தா காப்பியடிச்சதா அர்த்தம்" என்று எச்சரித்தார்.

வந்த பிள்ளைகள் சிரித்த முகமாக இருந்தார்கள். ஒருவர் விடாமல், "சாப்டீங்களா சார்?" என்று வேறு கேட்டார்கள். துக்கத்தில் இருக்கிறவர்கள் இதை ஏன் கேட்கிறார்கள்? வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஜன்னலோர நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஒருத்தனுக்கு இஷ்டமில்ல போல."

"இருங்க, வந்துடுவான்" என்று மனைவி பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது அவர் பின்னால் ஒருவன் வந்து நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்தான். மீசை வேறு. ஒரு பக்கத் தோள் மட்டும் நனைந்திருந்தது. பசங்களை நேரில் பார்த்தே ஒரு வருஷமாகிவிட்டதால் முகம் பிடிபடவில்லை.

"நீ எந்த பெஞ்சுடா?"

"பரீட்சை நேரத்துல பேசக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றார் மனைவி.

வாத்தியார் கேள்வித்தாளை நீட்டினார்.

கோல்கீப்பர் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தான். தன் உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாக வாத்தியார் கூரையைப் பார்த்தார். ஜன்னலோரத்தான் தலை நிமிராமல் எழுதினான். கூடுதல் தாள்கூடக் கேட்டான். கடைசி பெஞ்சாகத்தான் இருக்கவேண்டும். அவனுக்கே இவ்வளவு ஏக்கமா! வாத்தியார் ஒன்றுக்கு இரண்டு தாளாகக் கொடுத்தார்.

மணி அடித்ததும் தாள்களை வாங்கி, நின்றபடியே நாலைந்து புரட்டினார். பெரும்பாலும் சரி. அவருக்குச் சட்டென்று பசித்தது.

ஜன்னலோரத்தானின் ஈரத் தோளில் கை வைத்தார். "உன்னை மாதிரி பசங்க மனசு விட்டுடக்கூடாதுன்னுதான்டா இவ்வளவும். எவ்வளவு மார்க் வரும்?"

அவன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"என் பேப்பரை மட்டும் திருத்தாதீங்க சார். நான் தண்ணி கேன் போட வந்தவன். 'பரீட்சை நின்னதுலேர்ந்து சார் சரியா சாப்பிடறதே இல்ல, கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது பேரை வரவழைச்சுட்டேன், ஒரு நாற்காலி காலியா இருந்தாலும் அவர் தாங்கமாட்டாருப்பா'ன்னு அம்மா சொன்னாங்க, அதான் உக்காந்தேன்!"