பதினொன்றுக்கு ஒன்று

“இந்தம்மாவுக்கு யாருய்யா ஓட்டுப் போட்டாங்க?” என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேசையைத் தட்டினார். தட்டிய வேகத்தில், ஓட்டுப்பெட்டியாக வைத்திருந்த பிஸ்கட் டப்பா கீழே உருண்டது.

கோபம் வராமல் என்ன செய்யும்? மொத்தம் பன்னிரண்டு வீடு. மூன்றாம் மாடி டிரம்ஸ் வாத்தியார் வீட்டில் வாசிக்கக் கூடாது என்று ரகசியச் சீட்டில் பதினொன்றுக்கு ஒன்று விழுந்திருந்தது. அந்தத் தீர்மானத்தின் மேல் ஒரே கோடு கிழித்து ரத்து செய்துவிட்டார் ரூல்ஸ் அம்மா. இரண்டாம் மாடிக்காரர், கோர்ட்டில் முப்பது வருடம் டைப் அடித்தவர். சங்க விதிகளைக் காக்கும் பொறுப்பை ஓட்டெடுக்காமலே அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

“முதல் பக்கத்தைப் படிங்க. ஒரு வீட்டை மட்டும் குறிவச்சு ஓட்டெடுத்துத் தடை போடக் கூடாது.”

செயலாளர் விடாக்கண்டன். மறுவாரமே, எந்த வீட்டிலும் டிரம்ஸ் கூடாது என்று புதுத் தீர்மானம் போட்டார்.

“வேற யார் வீட்ல டிரம்ஸ் இருக்கு?” என்றார் ரூல்ஸ் அம்மா. மறுபடியும் கோடு.

“அந்தம்மாவுக்கு டிரம்ஸ்னா உசுரு போல,” என்று மனைவியிடம் பொருமினார் செயலாளர். “அந்தப் பதவியையே தூக்கறேனா இல்லையா, பாரு!”

“சும்மா கெடக்கற சங்கை ஊதாதீங்க,” என்றாள் மனைவி.

ஊதினார். ஓட்டு பத்துக்கு இரண்டு. பதவி போயிற்று. கைதட்டல் அடங்குமுன் கீழ்வீட்டுப் பல் டாக்டர் எழுந்தார்.

“இனிமே கேக்க ஆளில்லைல்ல? செயலாளர் வீட்டு நாயை வெளியேத்தணும். ராத்திரி பூரா குரைக்குது.”

சீட்டு எண்ணினார்கள். பதினொன்றுக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாய் போக வேண்டும்.

ஒன்பது வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த நாய் காலடியில் வாலாட்டியது. செயலாளர் நேரே ரூல்ஸ் அம்மா வீட்டுக்கு ஓடினார்.

“அம்மா, நீங்கதான் இதை ரத்து பண்ணணும்!”

“நான் யாரு? எனக்கு யாரு ஓட்டுப் போட்டாங்க?”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். ஆனாலும் அசரவில்லை. ரூல்ஸ் அம்மாவைத் திரும்பக் கொண்டுவரக் கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறினார். சிரித்துக்கொண்டே முதல் கையெழுத்துப் போட்டவர் டிரம்ஸ் வாத்தியார்.

சீட்டு எண்ணும் வாட்ச்மேன் மாடிப்படியில் எதிர்ப்பட்டார். “அந்தம்மா வந்தா நாயைக் காப்பாத்துவாங்களா சார்?”

“பின்னே? டிரம்ஸ் புடிக்கும், வாத்தியாரைக் காப்பாத்தினாங்க. நாயும் புடிக்கும்யா.”

“புடிக்குமா? டிரம்ஸ் பக்கம் விழுந்த ஒரு ஓட்டு வாத்தியாரோடது, நாய் பக்கம் விழுந்த ஒரு ஓட்டு உங்களோடது. மிச்சப் பதினொண்ணுல ரெண்டு தடவையும் அந்தம்மாவும் இருக்காங்க சார்!”