பேட்டரிக்குப் பொட்டு

"ஒம்போது பர்சென்ட்லயே நிக்குதேண்ணே. ஏன் சார்ஜ் ஏறல?"

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான் ஸ்ரீகாந்த். ஆவடியைத் தாண்டியிருந்த அந்த மின்சேமிப்பு நிலையத்தில், லாரிப் பெட்டி அளவில் வரிசையாக நின்ற பேட்டரிகளுக்கு அவன்தான் பொறுப்பு. பகலில் சூரிய மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்து வீடு வீடாக விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்கும்போது திருப்பிக் கொடுப்பது அவற்றின் வேலை. நேற்றிரவு இருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டன. இன்று மாலை சோதனை ஓட்டம். மதியம் தலைமைப் பொறியாளர் ஜம்புலிங்கம் வரும்போது நிரம்பியிருக்க வேண்டும்.

"நான்தான் சார் நிறுத்தி வெச்சிகீறேன்." ஆபரேட்டர் டில்லிபாபு சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "ஆயுத பூஜை அதுவுமா மிசினை வேலை வாங்குவாங்களா? பாவம், அதுக்கும் ஒருநாள் ரெஸ்ட் வோணாமா?"

எல்லாப் பெட்டிகளுக்கும் பொட்டும் மாலையும் ஏறியிருந்தன.

ஸ்ரீகாந்த் கடிகாரத்தைப் பார்த்தான். சோதனையில் சொதப்பினால் ராமநாதபுரத்து சோலார் பண்ணைக்குத் தூக்கியடிப்பேன் என்று ஜம்புலிங்கம் சொல்லியிருந்தார். மனைவி சௌம்யாவுக்கோ ஆவடியில் பள்ளிக்கூட வேலை. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது.

"சரிண்ணே, பூஜையைச் சட்டுபுட்டுனு முடிங்க. உடனே ஸ்விட்சைப் போட்டுடலாம்."

டில்லிபாபு சட்டுபுட்டென்றுதான் முடித்தார். பெட்டியின் கதவைத் திறந்து உள்ளேயே கற்பூரம் காட்டினார். புகையை மோப்பம் பிடிக்கும் கருவி அலறியது. தீப்பிடித்துவிட்டதாக நினைத்து மொத்த நிலையமும் சார்ஜ் ஏற விடாமல் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

"இன்னா சார், சாமி புகைக்கே இப்டி கத்துது?"

"அதுக்குச் சாமி புகை, பீடிப் புகைலாம் தெரியாதுண்ணே. புகை போனாத்தான் பூட்டு திறக்கும்."

போன் அடித்தது. சௌம்யா.

"என்னங்க, சாப்பிட வந்துருவீங்கல்ல? சுண்டல், பாயசம் எல்லாம் ரெடி."

"சௌமி, ராமநாதபுரத்துல ஸ்கூலெல்லாம் நல்லா இருக்குமாம்."

மறுமுனையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

"அப்ப நீங்க போய்ப் படிச்சுட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

பூஜை இடத்தில் இருந்த பெரிய மின்விசிறியை இழுத்து வந்து பெட்டியை நோக்கித் திருப்பினான் ஸ்ரீகாந்த். புகை போய்விட்டது. கூடவே தட்டிலிருந்த விபூதி முழுவதும் கிளம்பி உள்ளே போய் உட்கார்ந்தது. தூசியையும் புகை என்றே எடுத்துக்கொண்ட கருவி, இன்னும் உரக்க அலறியது. பூஜைக்கு வைத்திருந்த பொரி மட்டும் பறந்து அவன் தலையோடு நின்றது.

"தொடச்சிரலாம் சார்," என்று ஈரத்துணியோடு பாய்ந்தார் டில்லிபாபு.

"ஐயோ அண்ணே, உள்ள கரண்ட்."

காய்ந்த துணி வேறெதுவும் இல்லை. சௌம்யா வாங்கிக் கொடுத்த புதுச்சட்டையைக் கழற்றி, அதை வைத்தே துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். ஒருவழியாக அலறல் அடங்கிப் பச்சை விளக்கு எரிந்தபோது, வாசலில் ஜம்புலிங்கத்தின் ஜீப் வந்து நின்றது.

அவர் ஸ்ரீகாந்தின் பனியனைப் பார்த்தார். தலையில் இருந்த பொரியைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"ஒம்போதா?"

ஸ்ரீகாந்த் மனசுக்குள் துணிமணிகளை அடுக்கத் தொடங்கியிருந்தான். அவனுடையதை மட்டும்.

அந்த நேரத்தில் ஜம்புலிங்கத்தின் போன் ஒலித்தது. மின் கட்டுப்பாட்டு அறை. ம் கொட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தவர், போனை வைத்துவிட்டு ஸ்ரீகாந்தின் தோளைத் தட்டினார்.

"பாக்டரி பூராவும் இன்னிக்கு லீவு. வெயில் கொளுத்துது. வர்ற சோலார் கரண்ட்டை வாங்க ஆளே இல்லையாம். மத்த நிலையமெல்லாம் காலையிலயே ஃபுல். பேட்டரியில இடம் வெச்சிருக்கிறது நீ ஒருத்தன்தான்."

ஸ்ரீகாந்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாயச வாசனைகூட வந்தது.

"அப்ப நான் இங்கயே..."

"இவ்வளவு முன்யோசனை உள்ள ஆளை ஆவடியில வெச்சு வீணடிக்கலாமாய்யா? திங்கக்கிழமையே ராமநாதபுரம் கிளம்பு."