மனோர் பார்க்கில் நாக்கு நீட்டியவர்கள்

சனிக்கிழமை காலை. லண்டன் மனோர் பார்க்கில் ஒரு மண்டபம். உள்ளே இருநூறு தமிழர்கள். கணக்காளர், கடை முதலாளி, கணினிப் பொறியாளர் என்று படித்த கூட்டம்தான். அத்தனை பேரும் கைபேசியைக் கண்ணாடியாகப் பிடித்து, நாக்கை நீட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூலிகை மாமணி நித்தியானந்தன் பாரிசிலிருந்து வந்திருந்தார். சீன வைத்தியத்தில் நாக்கைப் பார்த்து நோய் சொல்வார்கள். பழைய ஐரோப்பாவில், உறுப்பைப்போல இருக்கும் காயே அந்த உறுப்புக்கு மருந்து என்றார்கள். மாமணி இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிப் பொட்டலம் கட்டியிருந்தார்.

நோயாளியின் முகத்தைப் பார்த்தால் அவருடைய ஞானம் கலங்கிவிடுமாம். அதனால் நடுவில் ஒரு கறுப்பு அட்டை, அதில் ஒரு ஓட்டை. நோயாளி நாக்கை மட்டும் ஓட்டைக்குள் விட வேண்டும். மறுபக்கத்தில் மாமணி பூதக்கண்ணாடியோடு இருந்து மைக்கில் நோயைச் சொல்வார். எத்தனை பிள்ளை, எந்தக் காலில் நோவு என்பதுவரை சரியாக வரும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

நாகேஸ்வரி போட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் மாமணியின் யூடியூப் பேச்சைக் கேட்டு, அவள் கணவர் இராசரத்தினம் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, டொக்டர் தந்த குளிசைகளைக் குப்பையில் கொட்டிவிட்டார். இன்று காலை விரலில் குத்திப் பார்த்தால் சீனி இருபத்திரண்டு; லண்டன் கணக்கில் பத்தைத் தாண்டினாலே கூடாது. இப்படியே விட்டால் மனிசன் தப்பமாட்டார் என்று அவளுக்குப் பயம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குளிசையின் பூர்வீகமே ஐரோப்பாவின் ஒரு பழைய மூலிகைதான். அதைச் சோதித்து அளந்து குளிசையாக்கியவர்கள் நாக்கு எதையும் பார்க்கவில்லை.

வாசலில் றொசாந்தி என்ற பெண் தேத்தண்ணி கொடுத்து, தேனாகப் பேசி, பெயர், வயது, பிள்ளைகள், வருத்தம் எல்லாம் கேட்டு ஒரு சின்ன அட்டையில் எழுதினாள். அட்டையில் போட்ட அதே நம்பரை ஒரு துண்டில் எழுதிக் கையில் தந்தாள். அட்டை பக்கக் கதவால் உள்ளே போனது. மாமணியின் ஞானமும் அதே கதவால்தான் போகிறது என்று நாகேஸ்வரிக்குப் பட்டது. ஹீத்ரோவில் விமானச் சாப்பாட்டுத் தட்டுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. வெளியே மரக்கறி லேபலும் உள்ளே கோழியும் இருந்தால் இருபது வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நாற்பத்தாறு என்று கூப்பிட்டார்கள். அது அவளுடைய நம்பர்.

"இஞ்சாருங்கோ, எனக்குக் கால் நோகுது. என்ர துண்டோட நீங்கள் முதல்ல போங்கோ."

"உன்ர துண்டில நானோ?"

"நாக்கைப் பாக்கிற மனிசனுக்குத் துண்டு என்னத்துக்கு?"

அந்த நியாயம் இராசரத்தினத்துக்குப் பிடித்துப்போனது. பக்தியோடு போய், மீசையை விரலால் ஒதுக்கி, நாக்கை ஓட்டைக்குள் விட்டார்.

மைக் முழங்கியது. "அம்மா, உங்கட முழங்கால் நோவு கருப்பையில இருந்து வருது. மூண்டு பிள்ளை பெத்து அது குளிர்ந்துபோச்சு. கடைசிப் பிள்ளை சிசேரியன், என்ன?"

நாக்கு மெல்லப் பின்வாங்கியது.

"எனக்கோ, ஐயா?" என்றது ஒரு கட்டைக் குரல்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாகேஸ்வரி போய்க் கறுப்பு அட்டையைப் பிடித்து இழுத்துச் சாய்த்தாள். பூதக்கண்ணாடி உறைகூடக் கழற்றாமல் மேசையில் கிடந்தது. மாமணியின் கையில் றொசாந்தி எழுதிய அட்டை.

"ஆம்பிளையளுக்கும் சூட்சுமமாய் ஒரு கருப்பை இருக்கு," என்றார் மாமணி, வியர்வையைத் துடைத்தபடி. "சீன நூலுகளில சொல்லியிருக்கு."

"இருக்கும், இருக்கும்," என்று முன்வரிசையில் சற்குணம் மாஸ்டர் தலையாட்டினார். "போன பிறப்பையும் பாக்கிறார் போல."

இராசரத்தினம் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். முகம் செத்துப்போயிருந்தது.

"நாகேஸ், டொக்டரிட்டப் போவம். நான் குளிசை போடுறன்."

நாகேஸ்வரிக்குக் கண் கலங்கியது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கு மூச்சு வந்தது. போகிற போக்கில் மைக்கை எடுத்தாள்.

"கருப்பை குளிர்ந்த ஆம்பிளையள் வேற ஆரும் இருந்தால் வரிசையில நில்லுங்கோ. மிச்ச ஆக்கள் நாக்கை உள்ளுக்கு எடுத்துப்போட்டு, கொஞ்சம் யோசியுங்கோ."